முயலுக்காக வழக்காடும் என் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நீ சிரிப்பாய். சிரி. நான் வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே நீ மறுமொழி சொல்லிவிடுகிறாய். அந்த மறுமொழிக்கு நான் ஒன்று சொல்ல, அதற்கு நீ ஒன்று சொல்ல, கடைசியில் நான் சொல்ல வந்தது அப்படியே வயிற்றுக்குள் கிடந்துவிடுகிறது. கடதாசியோடு அந்தக் கரைச்சல் இல்லை. நீ கலியாண வேட்டியும் சால்வையும் எடுக்க மட்டக்களப்புக்குப் போயிருக்கிறாய். மத்தியான வெயிலில் கடைக்கு ஆள் வரத்து இல்லை. பவுடர் அலுமாரிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். நீ வந்ததும் வராததுமாக, சோற்றில் கை வைக்க முதல், இதை வாசித்துவிட வேண்டும். ஏன் இந்த அவசரம் என்று வாசித்து முடிக்கும்போது உனக்கே தெரியும்.

மற்ற இடங்களில் மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தாய் அழுவாளாம். நம் பக்கத்தில் அது தலைகீழ். இங்கே வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். உன் அப்பாவும் அப்படித்தான் வாழைச்சேனையிலிருந்து களுதாவளைக்கு, இந்த வீட்டுக்கு வந்தார். இப்போது நீ மோட்டார் சைக்கிளைப் பாதைப் படகில் ஏற்றி, வாவியைக் கடந்து, படுவான்கரையில் தர்சினி வீட்டுக்குப் போகப்போகிறாய். என்ன தூரம், விடிய வெளிக்கிட்டால் கடை திறக்க முதல் வந்துவிடுவான் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். சொல்லிவிட்டு, உன் அறைக்குள் உன் பழைய சட்டைகளை மடித்து வைக்கிறேன் என்று போய், மடிக்காமலே திரும்பி வருகிறேன். எனக்குக் கவலைதான் மகன். அதை ஒளிக்க எனக்குத் தெரியாது.

சரி, விசயத்துக்கு வருகிறேன். எல்லாம் கூறைத் தட்டில்தான் தொடங்கியது. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுபோகும் அந்தத் தட்டில் கூறைச் சேலையோடு பெண்ணுக்கு வேண்டிய பவுடர், கிறீம், கண்மை, உதட்டுச் சாயம், சவர்க்காரம், சீப்பு, சென்ட் எல்லாம் இருக்க வேண்டும். சும்மா அழகுக்கு வைக்கிற தட்டா அது? பெண் கூறை மாற்றப் போகும்போது நம் வீட்டுப் பெண்கள் கூடவே போய், தட்டில் வந்த சாமானால்தான் அவளை அலங்கரித்துக் கூட்டி வருவார்கள். இந்த ஊரில் எத்தனையோ பொடியன்களின் தட்டுக்கு நான்தான் பார்த்துப் பார்த்துச் சாமான் எடுத்துக் கொடுத்தேன். என் மகனின் தட்டை நிரப்பும் நாளை நினைத்து நல்ல சாமான் வரும்போதெல்லாம் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தேன். நீ ஒரு நாள் வந்து நின்று, "அம்மா, கோவிக்காதீங்க. நம்மட கடை அலுமாரியில இருந்து ஒண்டும் வேணாம்" என்றாய். கோவிக்காதே என்று தொடங்கும் எந்தப் பேச்சுக்கும் நான் கோவிக்காமல் விட்டதில்லை. அன்றைக்கும் விடவில்லை.

அன்றைக்கு நீ போனில் காட்டிய படத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. தலையை மட்டும் வெளியே விட்டு வரிசையாகப் பெட்டிகளுக்குள் அடைத்திருந்த வெள்ளை முயல்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் ஒவ்வொன்றின் கண்ணிலும் எதையோ விட்டுக்கொண்டு போனார். கண்மையோ ஷாம்புவோ மனிதர் கண்ணுக்கு எரியுமா என்று பார்க்கிறார்களாம். அந்த முயல்கள் கத்தவில்லை, மூக்கை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தன. நான் பாதியிலேயே போனைக் கவிழ்த்து வைத்தேன். எல்லாக் கொம்பனியும் இப்படிச் செய்வதில்லை, செய்யாத கொம்பனிகள் இருக்கின்றன, அவற்றின் சாமானை மட்டும் வாங்கப்போகிறேன் என்றாய். உன் பெரியம்மா அப்போது வாசலில் குந்தி இருந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாய் சும்மா இருக்குமா?

"வாவி இறால வழிச்சித் தின்னுற வாய் முயலுக்கு அழுகுதோ? நல்ல ஞாயம்தான் மனே!"

நீ கோபப்படுவாய் என்று நினைத்தேன். நீ அவளுக்குப் பக்கத்தில் குந்தி இருந்து, ஒரு இறாலை எடுத்து உரித்துக்கொண்டே சொன்னாய்: "பசிக்குத் தின்னுறன் பெரியம்மா. அதுவும் சரியோ பிழையோ எண்டு எனக்கே தெரியா. ஆனா சொண்டுச் சிவப்புக்கு ஒரு சீவன்ட கண்ணப் புண்ணாக்கத் தேவையில்ல எண்டது மட்டும் தெரியும்."

பெரியம்மா இறால் சட்டியை உன் பக்கம் தள்ளி, "அப்ப மிச்சத்தையும் நீயே உரி" என்றாள். எனக்கும் கோபம் இறங்கிவிட்டது. கடையை மூடு என்று நீ சொல்லவில்லை. என் அலுமாரியைப் பாவம் பிடித்த அலுமாரி என்றும் சொல்லவில்லை. "நீங்க விக்கிறது உங்கட விருப்பம், நான் வாங்கிறது என்ட விருப்பம்" என்றாய். அப்படிச் சொல்லத் தெரிந்த பிள்ளையை நான் பெற்றிருக்கிறேன் என்று அன்றைக்கு மனதுக்குள் பெருமைப்பட்டேன். உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் தலைக்கேறிவிடும்.

அதற்குப் பிறகு நானும் உனக்காக முயல் தேடப் போனது உனக்குத் தெரியும். மிருகங்களில் பரிசோதிக்காத சாமானில் ஒரு முயல் படம் இருக்கும் என்று நீ சொன்னாய் அல்லவா, அதைப் பிடித்துக்கொண்டு ஏறாவூருக்கு பஸ் ஏறினேன். நான் மொத்தமாகச் சாமான் எடுக்கிற, காக்கா என்று அண்ணன் முறையில் கூப்பிடுகிற முஸ்லிம் கடைக்காரரிடம் போய், "காக்கா, முயல் படம் போட்ட சாமான் என்னென்ன கிடக்கு?" என்று கேட்டேன். அவர் உள்ளே போய்க் குழந்தைப் பவுடர், காதுக்குப் பஞ்சு, சின்னப் பிள்ளைகளின் பற்பசை, தலைக்குக் குத்துகிற கிளிப் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து போட்டார். எல்லாவற்றிலும் முயல் துள்ளிக்கொண்டுதான் இருந்தது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அப்படியே கட்டிக்கொண்டு வந்து உன் முன்னால் பரப்பினேன். நீ சிரித்த சிரிப்பில் அப்பா குளித்துக்கொண்டிருந்த கிணற்றடியிலிருந்து ஓடி வந்தார். "அம்மா, இது குழந்தைப் பிள்ளைகளுக்கு விளையாட்டுக்குக் கீறின முயல்! படத்த மட்டும் பாத்தாப் போதா, பெட்டிக்குப் பின்னால என்ன எழுதிக் கிடக்கெண்டு வாசிக்க வேணும்" என்றாய். கலியாணப் பெண்ணுக்குக் குழந்தைப் பவுடர் கொண்டுபோன மாமியார் என்று பெயர் எடுக்கப் பார்த்தேன்.

அடுத்த தடவை போனபோது காக்காவிடம் விசயத்தை ஒழுங்காக விளங்கப்படுத்தினேன். அவர் சிரிக்கவில்லை. "இதில என்ன தங்கச்சி புதினம்? எங்கட ஊட்டுப் பொம்புளையளும் பெட்டியத் திருப்பித்தான் பாப்பாங்க. பண்டிக் கொழுப்புக் கலந்திருந்தா வெச்சிட்டுப் போயிருவாங்க. மனசுக்கு ஒப்பாததை மொகத்தில பூசேலுமா?" என்றார். அன்றிலிருந்து நானும் பெட்டிகளைத் திருப்பி வாசிக்கத் தொடங்கினேன். எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது, கண்ணாடி போட்டாலும் பாதி விளங்காது. விளங்கிய அளவுக்கு ஒரு தட்டு பிரித்து, "மிருகங்களில் பரிசோதிக்காதவை" என்று எழுதி ஒட்டினேன். வாங்குகிறவர்கள் குறைவு. வந்து பார்த்து, ஏன் என்று கேட்டு, நான் சொல்வதைக் கேட்டுவிட்டுப் பழையதையே வாங்கிப் போகிறவர்கள்தான் கூட. நான் ஒருவரையும் மறிக்கவில்லை. காசு அவர்களுடையது, முகமும் அவர்களுடையது.

இனி நான் சொல்லப்போவதற்கு உன் அப்பா என்னைப் பேசுவார். பேசட்டும். என் கூறைத் தட்டில் வந்த சென்ட் போத்தலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். அப்பா அப்போது வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் வேலை, கலியாணத்துக்குப் பிறகும் சனிக்கிழமையில்தான் வீட்டுக்கு வருவார். கிழமை முழுக்க அந்த ஆலை நெடியில் நின்ற மூக்கு. மெல்லிய வாசம் ஒன்றும் அதற்குப் பிடிபடாது. எனக்கென்று கடை கடையாக ஏறி, மூக்கில் அடிக்கிற மாதிரி ஒரு சென்ட்டைத் தேடி எடுத்திருக்கிறார். கூறை மாற்றும்போது அதை என் மேல் தெளித்தார்கள்; தாலி கட்டி முடியும் மட்டும் எனக்குத் தலையிடி. ஆனால் புது மாப்பிள்ளை ஆசையாக வாங்கியது, எப்படிச் சொல்வது? சனிக்கிழமை அவர் வாழைச்சேனையிலிருந்து வருகிற பஸ் நேரத்துக்குக் கொஞ்சம் பூசிக்கொள்வேன். மிச்சத்தை உடுப்புப் பெட்டிக்குள் ஊற்றினேன், கரப்பான் வராது என்று. போத்தல் முடிந்ததைப் பார்த்தவர், எனக்கு அது உயிர் என்று நினைத்து அடுத்ததை வாங்கி வந்தார். தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று அந்தப் போத்தல் வந்துகொண்டே இருந்தது. நீ வயிற்றில் வந்த பிறகுதான் என்னால் ஏலாமல் போனது. ஒரு சனிக்கிழமை அவர் போத்தலைத் திறந்த கையோடு நான் அவர் சட்டையிலேயே சத்தி எடுத்துவிட்டேன்.

அவர் சட்டையைக் கழுவிவிட்டு வந்து, "ஏன் புள்ள முதலே சொல்லல்ல?" என்று கேட்டார். "நீங்க கேக்கல்லையே" என்றேன். அந்த மனிதர் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. என்னோடு கோபம் இல்லை. தனக்குத் தெரியாமல் தன் ஆசையே என்னை வருத்தியிருக்கிறதே என்று அவருக்குக் கவலை. நல்ல மனம் உள்ள ஆட்களிடம்தான் இந்த வில்லங்கம் வருகிறது. கெட்டவன் வாங்கித் தந்தால் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அன்பாக வாங்கித் தருகிறவனிடம் வேண்டாம் என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு எவ்வளவு நாள் எடுக்கும் என்று ஆம்பிளைகள் உங்களுக்குத் தெரியாது.

தர்சினி போன கிழமை என் கடைக்கு வந்தாள். உனக்குத் தெரியாது. சட்டை அளவு கொடுக்க வந்ததாகச் சொன்னாள், ஆனால் தையல்காரி வீட்டுப் பக்கம் அவள் போகவே இல்லை. அலுமாரிக்கு முன்னால் நின்று அதைப் பார்த்தாள், இதைப் பார்த்தாள். கடையில் நின்ற ஆள் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். கலியாணமே வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறாளோ என்று பயந்துபோனேன். பாலர் பாடசாலையில் முப்பது பிள்ளைகளை அதட்டுகிற பெண், என் முன்னால் சட்டை, அளவு என்று எதையோ உளறினாள். நீ தேடி எடுத்து முதலே அனுப்பிய முகக் கிறீமைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். அது அவளுடைய நிறத்துக்குப் பொருந்தவில்லை மகன். கன்னத்தில் பூசிக் காட்டினாள். சாம்பல் பூசின மாதிரி இருந்தது.

அவளுடைய இடது தாடையில் இருக்கிற தழும்பு உனக்குத் தெரியும். சின்ன வயதில் கொதி எண்ணெய் தெறித்தது. பெண் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு நீ என்னிடம், "அதுவும் அவவுக்கு வடிவாத்தான் கிடக்கு அம்மா" என்றாய். உன் மனம் நல்ல மனம். அதை அவளிடமும் சொல்லியிருக்கிறாய் போல. அவள் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவருக்கு அது வடிவெண்டா அவர்ட அன்பு மாமி. நான் அவருக்கு ஒளிக்கல்ல. ஆனா கலியாணத்தண்டைக்கு, அவ்வளவு சனத்துக்கு முன்னால, வீடியோ வெளிச்சத்தில, அந்த ஒரு நாள் அது இல்லாம என்ட முகத்தப் பாக்க எனக்கு ஆசை."

அந்தத் தழும்பை மறைக்க அவள் பள்ளிக்கூட நாளிலிருந்து பூசுகிற ஒரு கிறீம் இருக்கிறது. அவளுடைய தோலோடு தோலாகப் படிகிறது. என் கடையிலும் அது இருக்கிறது. பெட்டியைத் திருப்பித் திருப்பி இரண்டு பேரும் வாசித்தோம். முயலுக்கு நல்லது செய்ததாகவும் எழுதவில்லை, கெட்டது செய்ததாகவும் எழுதவில்லை. "முயல் பாவந்தான் மாமி. நானும் வேற தேடிப் பாத்தன். நிறம் சரி வாறது ஒண்டும் கிடைக்கல்ல. அவர் எவ்வளவு தேடி எடுத்து அனுப்பினவர், அவரிட்ட எப்பிடிச் சொல்ற? முயலுக்கு இரங்காதவள் எண்டு நினைச்சிட்டாரெண்டா?" என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், கூறைச் சேலை மடிப்புக்குள் அந்தக் கிறீமை ஒளித்து வைத்துவிட முடியுமா என்று. கூறை மாற்றுகிற நேரத்தில் ஒருவருக்கும் தெரியாமல் எடுத்துப் பூசிவிடுவாளாம்.

உண்மையைச் சொன்னால், எனக்கும் கை அலுமாரிப் பக்கம் போனது. சுண்டுவிரல் அளவில் ஒரு சின்னக் குழாய், யார் காணப்போகிறார்கள்? பிறகு எனக்கு என் உடுப்புப் பெட்டி ஞாபகம் வந்தது. "ஒளிச்சு வைக்க மாட்டன் புள்ள. இண்டைக்கு இத ஒளிச்சா மறுகா ஒவ்வொண்டா ஒளிக்க வேண்டி வரும். நான் அவனிட்டச் சொல்லட்டா?" என்று கேட்டேன். அவள் நீ அனுப்பிய கிறீமை என் கையில் தந்துவிட்டு, "சொல்லுங்க மாமி. ஆனா நான் முயலுக்கு எதிரெண்டு மட்டும் சொல்லிப்போடாதீங்க" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. நீ கட்டப்போகிறவள் நல்ல பெண் மகன். அவளைப் போன கிழமைதான் எனக்கு உண்மையாகப் பிடித்தது. அதுவரைக்கும் என் பிள்ளையை என்னிடமிருந்து கூட்டிப்போகிறவள் என்று மனதுக்குள் கொஞ்சம் முறைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

உன் எண்ணத்தை விட்டுவிடு என்று நான் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. விட்டால் எனக்குத்தான் வருத்தம். உன் சவர்க்காரம், உன் ஷேவிங் கிறீம், உன் தலைக்குப் பூசுகிறது எல்லாம் நீ நினைத்தபடி வாங்கு. அவளோடு கதை, சண்டை பிடி, கெஞ்சு, சேர்ந்து தேடுங்கள். அவள் நிறத்துக்குப் பொருந்துகிற ஒன்று எங்காவது இருக்கும், கிடைத்தால் என் கடையிலும் வாங்கி வைக்கிறேன். ஆனால் அவளுடைய முகத்தை நீ தீர்மானிக்க ஏலாது. எத்தனை பெட்டிகளைத் திருப்பி எத்தனை எழுத்தை வாசித்தாய்! எந்த நாட்டில் செய்தார்கள், எப்படிப் பரிசோதித்தார்கள் என்று கொழும்புக் கடைக்கெல்லாம் போன் எடுத்துக் கேட்டாய். பூசப்போகிறவளிடம் மட்டும் ஒரு சொல் கேட்கவில்லை. அதை நினைத்துத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த வீட்டில் நீ புது ஆள். அவளும் பயத்தில் வாயை மூடிக்கொண்டால், நீ நல்லது செய்துகொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டே இருப்பாய், அவள் ஒரு மூலையில் ஒளித்து ஒளித்து வாழ்ந்துகொண்டிருப்பாள். இவ்வளவு அன்பான இரண்டு பேருக்கு அது வர வேண்டாம்.

கூறைத் தட்டை இன்று காலையில் அடுக்கி முடித்தேன். நீ வாங்கிய சவர்க்காரம், பவுடர், கண்மை, உதட்டுச் சாயம் எல்லாம் வைத்திருக்கிறேன். மண்ணிறப் பெட்டிகளைப் பார்த்துவிட்டுப் பெரியம்மா, "கலியாணச் சாமானோ, கூப்பன் கடைச் சாமானோ?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு தங்கத்தாள் சுற்ற வந்தாள். நான் விடவில்லை, என் மகன் தேடி வாங்கியது, அப்படியே போகட்டும் என்றேன். முகக் கிறீமை மட்டும் வைக்கவில்லை. நீ வாங்கியதும் அவள் பூசுவதும் மேசை லாச்சிக்குள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. சாப்பிட்டுவிட்டு இரண்டையும் எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளிக்கிடு. இன்றைக்கே போக வேண்டும். நாளைக்கு வீடு முழுக்கச் சனம் வந்துவிட்டால் உங்கள் இரண்டு பேருக்கும் கதைக்க இடம் கிடைக்காது. பாதைப் படகு பின்னேரம் வரைக்கும் ஓடும். அவள் முன்னால் இரண்டையும் வைத்து, தட்டில் எதை வைக்கட்டும் என்று கேள். கேட்டுவிட்டு, உன் வழக்கமான மறுமொழியைத் தொடங்காமல் கொஞ்சம் பேசாமல் இரு மனே. அவள் சொல்ல நேரம் எடுப்பாள். எவ்வளவு எடுத்தாலும் இரு.

உனக்குப் பூசட்டுமா என்று அந்த முயலிடம் ஒருவரும் கேட்கவில்லையே என்றுதானே நீ இவ்வளவும் செய்தாய்.

அன்போடு,
அம்மா